இரண்டு இஞ்ச் உயர்ந்த கேம்பர்

அத்தியாயம் 6

டர்ன்பக்கிளின் ஸ்பிரிங் என் இடது கைச் சுட்டுவிரலைக் கவ்விக்கொண்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. முப்பது வருடத் துப்பறியும் தொழிலில் ஒரு தடயம் என்னைக் கைது செய்தது அதுதான் முதல் தடவை.

"எந்தப் பக்கம் திருப்பினா லூஸாகும்?" என்று கேட்டேன்.

"இப்ப திருப்பினீங்களே, அதுக்கு எதிர்ப்பக்கம்," என்றாள் மைதே. "மூணாவது தடவையா சொல்றேன் பாஸ்."

மைதே உருத்தியா என் உதவியாளர். முப்பத்து நான்கு வயது. அலுவலகத்தில் நான் சிந்திப்பேன், மற்ற வேலைகளை அவள் செய்வாள். முடிவுகளையும் அவளேதான் கண்டுபிடிப்பாள் என்பதை விசிட்டிங் கார்டில் போடவில்லை.

வண்டிச் சாமான் கடைக்காரி ஆர்டிஸ் கெம்ப் வந்தார். டர்ன்பக்கிளின் நடு உருளையை இரண்டு சுற்றுச் சுற்றினார். விரல் விடுதலையானது. ஆர்டிஸுக்கு என் வயதுதான், அறுபத்தொன்று. வில்லோ ஃபோர்க் பள்ளியில் எனக்கு முன்பெஞ்சு. இப்போது என் கட்சிக்காரர்.

"வெர்லின், நீ எதையும் தொடாம கேளு, போதும்," என்றார்.

கேட்டேன். போன சனிக்கிழமை காலை லைல் ப்ரோக்டர் தன் பிக்கப்போடு இந்தக் கடைக்கு வந்திருக்கிறார். வண்டியின் பின்தட்டில் அவருடைய கேம்பர்: படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அடங்கிய ஒரு குட்டி வீடு. அந்த வீடு வண்டியை விட்டுத் தனியே பயணம் போய்விடாமல் நான்கு மூலையிலும் வண்டிச் சட்டத்தோடு இழுத்துக் கட்டுகிற முறுக்குக் கொக்கிக்குத்தான் டர்ன்பக்கிள் என்று பெயர். பழையவை துருப்பிடித்துவிட்டன, புதிதாகக் கொஞ்சம் நீளமானவை வேண்டும் என்று லைல் கேட்டாராம். ஆர்டிஸ் ஸ்பிரிங் வைத்ததாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தானே மாட்டி, தானே முறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கே மாலை நான்கு மணிக்கு மேல் மலை ஏற்றத்தில் கேம்பர் பின்பக்கமாக நழுவிச் சாலையில் விழுந்தது. பின்னால் காரில் வந்தவர் கோரா பெல். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஆர்டிஸின் அஜாக்கிரதைதான் காரணம் என்று ஷெரீப் அலுவலகம் வழக்கு எழுதிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் காகிதம் நீதிமன்றத்துக்குப் போகும். இன்றைக்கு வியாழன்.

"நீங்க சரியா முறுக்கினீங்கன்னு எப்படித் தெரியும்?" என்று மைதே கேட்டாள்.

"இந்த ஸ்பிரிங் பக்கத்துல ஒரு விரல் நுழையற இடைவெளி வர்ற வரைக்கும் முறுக்கணும். அதுக்கு மேல போனா கேம்பர் மூலையில இருக்கிற வளையத்தையே பிச்சுக்கிட்டு வந்துரும். கம்மியா முறுக்கினா குழியில இறங்கறப்ப கொக்கி துள்ளிக் கழண்டுரும். நாலையும் விரல விட்டுப் பாத்துட்டுத்தான் பூட்டு நட்டைப் போட்டேன்."

"விரல விட்டா," என்றேன், என் விரலைத் தடவிக்கொண்டே.

"இறுகின பிறகு விடணும் வெர்லின். இறுகறப்ப இல்ல."

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். வேலை முடிந்ததும் பூட்டு நட்டிலிருந்து உருளை வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் நேராக ஒரு கோடு போடுவாராம். பிறகு யாராவது திருகினால் கோடு இரண்டாக உடைந்துவிடும்.

என் மூளை பிரகாசமானது. "அப்ப விஷயம் சுலபம். கோடு உடைஞ்சிருக்கும். யாரோ வேணும்னே கழட்டியிருக்கான். நெடுஞ்சாலையில கடை வெச்சிருக்கிற டில்லன்தான். உங்க போட்டியாளர்."

"டில்லனுக்கு அன்னிக்குக் குடலிறக்க ஆபரேஷன்," என்றார் ஆர்டிஸ்.

"ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து ஜன்னல் வழியா இறங்கி வந்திருப்பாரு பாஸ்," என்றாள் மைதே.

*

ஷெரீப் அலுவலகத்தில் டெபுடி ஹால்வர்சன் நான்கு டர்ன்பக்கிள்களையும் ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இளைஞர். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார். அதுவே எனக்குப் பயம்.

"பாருங்க சார். தாராளமாப் பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் கோடு நான்கிலும் இருந்தது. நான்கிலும் நேராக இருந்தது. எங்கேயும் உடையவில்லை.

"நான் சொன்னேன்ல," என்றேன்.

"நீங்க உடைஞ்சிருக்கும்னு சொன்னீங்க பாஸ்."

டெபுடி பென்சிலால் கொக்கியைத் தட்டினார். "கொக்கியப் பாருங்க. கொஞ்சம்கூட வளையல. கேம்பர் இழுத்த இழுப்புல பிடுங்கிக்கிட்டு வந்திருந்தா கொக்கி விரிஞ்சிருக்கும். இது தொளதொளன்னு தொங்கிக்கிட்டிருந்து தானா கழண்டிருக்கு. கோடும் உடையல. அப்ப அந்தம்மா கைய எடுத்ததுக்கப்புறம் யாரும் தொடல. என்ன அர்த்தம்?"

என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்துவிட்டது. ஆர்டிஸ் எந்தக் கோட்டைத் தன் சாட்சி என்று நம்பினாரோ, அதே கோடு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. என் கட்சிக்காரரை விடுவிக்கப் போய், வழக்கில் மிச்சமிருந்த ஒரே ஓட்டையையும் நானே அடைத்துவிட்டு வந்தேன்.

காரில் ஏறியதும் மைதே வழக்கமான கிண்டலைக்கூடச் செய்யவில்லை. அந்த அளவுக்கு நிலைமை மோசம்.

"அந்தம்மா சரியாத்தான் முறுக்கியிருக்காங்க பாஸ்," என்றாள். "டர்ன்பக்கிளும் மாறல. ஆனா லூஸாயிருச்சு. அப்ப வேற ஏதோ மாறியிருக்கு."

"டயர்ல காத்து இறங்கியிருக்கலாம்."

"டயர் இறங்கினா வண்டியும் இறங்கும், கேம்பரும் சேர்ந்துதான் இறங்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கட்டு எப்படி லூஸாகும்?"

அதற்கு என்னிடம் ஓர் ஆழ்ந்த பதில் இருந்தது. தலையை ஆட்டினேன்.

*

கடைக்குத் திரும்பியதும் மைதே நேராகப் பின்கட்டுக்குப் போய் இரும்புக் கழிவுத் தொட்டிக்குள் தலையை விட்டாள். லைலின் பழைய டர்ன்பக்கிள்களில் ஒன்றோடு வெளியே வந்தாள்.

"துருப்பிடிச்சிருச்சுன்னு சொன்னாரே. எங்க துரு?"

வெளியே தெரிந்த திருகுமரையில் மேலாகக் கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். ஆர்டிஸ் அதை வாங்கி உருளையைச் சுற்றித் திருகைக் கழற்றினார். உள்ளே புதைந்திருந்த பகுதி புது நாணயம் போலப் பளபளத்தது. பழுப்பும் பளபளப்பும் சந்திக்கிற இடத்தில் பேனாவால் போட்டதுபோல ஒரு கோடு.

"மூணு வருஷம் இந்த இடத்துலயே நின்னிருக்கு," என்றார் ஆர்டிஸ் மெதுவாக.

அந்தக் கோடு வரைக்கும் திரும்பத் திருகி, கொக்கியிலிருந்து கொக்கி வரை டேப் பிடித்தார். பதினைந்தே கால் இஞ்ச். அதே மூலையில் புதியது நின்ற நீளம் அவருடைய வேலைச் சீட்டில் இருந்தது. பதினேழே கால்.

மூன்று பேரும் டேப்பைப் பார்த்தோம்.

"மூணு வருஷமா அதே வண்டி, அதே கேம்பர்," என்றாள் மைதே. "திடீர்னு ரெண்டு இஞ்ச் வளந்திருக்கு. அப்புறம் அதே நாள் சாயங்காலம் பழையபடி குட்டையாயிருச்சு. ஏதோ வெச்சு உயர்த்தியிருக்காரு பாஸ். பழசு எட்டல. அதான் நீளமா கேட்டிருக்காரு."

ஆர்டிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வண்டிக்குப் பின்னாடி, கேம்பருக்குக் கீழ, குறுக்க ஒரு பலகை அடிச்சிருந்தான். புழுதி உள்ள வராம இருக்கன்னான். எவ்வளவு நீளம் வேணும்னு கேட்டேன். ஏன் வேணும்னு கேக்கல."

"சுருங்கற சாமான் என்னவா இருக்கும்?" என்றேன். "பஞ்சு மெத்தை."

"பஞ்சு மெத்தை மேல ஒரு டன் கேம்பர ஏத்தினா அப்பவே சப்பையாயிரும். காலையில கல்லு மாதிரி இருக்கணும், சாயங்காலம் கூழாகணும்," என்றாள் மைதே. "லைல் அன்னிக்குப் பகல் பூரா எங்க இருந்தாரு?"

இது எனக்குத் தெரிந்திருந்தது. மிகுந்த பெருமையோடு சொன்னேன். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை விவசாயிகள் சங்க மண்டபத்தில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. லைல் இருபது வருடமாக எடுக்கிறார். இந்த வட்டாரத்தில் துப்பாக்கி தூக்குகிற பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். நானும் படித்தேன். ஃபெயிலானேன்.

"வண்டி நாலு மணி நேரம் வெயில்ல நின்னிருக்கு," என்றாள் அவள்.

*

விபத்தான பிக்கப் ஊர் எல்லையில், இழுவை வண்டிக்காரரின் யார்டில் நின்றது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. அங்கே நாற்பது வண்டிகள் இருந்தன. காக்கை இனத்து மேக்பை பறவைகள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் ஒரே வண்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

"இதுங்களுக்கு அந்த வண்டி ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றார் யார்டுக்காரர். "லைல் ஞாயித்துக்கிழம வந்து ஹோஸ் போட்டுக் கழுவிட்டுக்கூடப் போனார். அப்பவும் போக மாட்டேங்குது."

"விபத்துல நொறுங்கின வண்டிய எதுக்குக் கழுவறாரு?" என்றாள் மைதே.

"சுத்தமானவர்," என்றேன் நான். யாராவது சொல்ல வேண்டுமே.

பின்தட்டு உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. மைதே ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். கொஞ்ச நேரம் அவளுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"பாஸ், தட்டோட போல்ட் ஓட்டை வழியா ஏதோ ஒழுகிக் காஞ்சிருக்கு. ஸ்டெப்னி டயர் பூரா. ஈ மொய்க்குது. மேல கழுவினவரு கீழ பாக்கல."

"எண்ணெயா?"

"எண்ணெய்க்கு எந்த ஊர்ல பாஸ் ஈ மொய்க்கும்?"

வெளியே வந்தவள் தட்டின் மேல் ஏறி முன்சுவரை ஒட்டி மண்டியிட்டாள். ரப்பர் விரிப்பின் மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டு, ஒட்டிப் போயிருந்த ஒரு காகிதத் துண்டை உரித்து எடுத்தாள். கறி சுற்றுகிற வெள்ளைத் தாள், பாதி கிழிந்தது. தடித்த பேனாவால், அச்சடித்தது போன்ற கையெழுத்தில், இரண்டே வரி எழுதியிருந்தது.

முதுகுக் கறி, எல்க். ஜூலை 19.

எல்க் என்றால் குதிரை அளவுக்கு வளர்கிற மான். எனக்கு ரொம்ப உற்சாகமாகிவிட்டது. "உறைஞ்ச கறி! ஃப்ரீசர்லேர்ந்து கட்டிகட்டியா எடுத்து அடியில பரப்பி, அது மேல கேம்பர வெச்சிருக்கான். வெயில்ல உருகிச் சப்பையாயிருச்சு. கேம்பர் ரெண்டு இஞ்ச் இறங்கிருச்சு. கொக்கி கழண்டுருச்சு. ஆனா குளிர்பெட்டி இருக்கறப்ப எதுக்கு அடியில வெக்கணும்?"

மைதே அந்தத் தாளை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"எல்க் சீசன் எப்ப பாஸ் ஆரம்பிக்குது?"

"ஆகஸ்ட் கடைசி."

"இதுல என்ன மாசம் போட்டிருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. நான் அந்தப் பரீட்சையில் ஏன் ஃபெயிலானேன் என்பதும் கூடவே உறைத்தது. அந்த மலைச் சாலையில் வனவிலங்கு இலாகாவின் சோதனைச் சாவடி இருக்கிறது. எல்லா வேட்டைக்காரர்களும் நின்றுதான் போக வேண்டும். குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். கேம்பரைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

"கறிப் பொட்டலத்துல எந்தப் பாகம், எந்தத் தேதின்னு எழுதாம ஃப்ரீசர்ல வெக்கக்கூடாது," என்றேன். "அவரோட வகுப்புல அது மூணாவது பாடம்."

"நல்ல வாத்தியார்," என்றாள் மைதே.

*

லைல் தன் கராஜில் அம்புகளுக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நான்கு பேர் போனோம். டெபுடி ஹால்வர்சன் வாசலில் நின்றுகொண்டார். ஆர்டிஸ் வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"என்ன வெர்லின், மறுபடி வகுப்புல சேரப் போறியா?" என்றார் லைல் சிரித்துக்கொண்டே.

வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். பதினேழே கால் இஞ்சில் தொடங்கி, மேக்பை வழியாக, ஜூலை பத்தொன்பதில் முடிகிற பேச்சு. தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் மைதே தாளை மேஜை மேல் வைத்துவிட்டாள்.

லைல் அதைப் பார்த்தார். பிறகு இறகு ஒட்டுகிற பசையின் மூடியைத் தேடி எடுத்து, நிதானமாக மூடினார்.

"எத்தன எல்க்?" என்றார் டெபுடி.

"ரெண்டு."

"கறி எங்க?"

"பள்ளத்தாக்குல கொட்டிட்டேன். மச்சானுக்கு போன் பண்ணி, நீங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்து அவன் வண்டியில ஏத்திட்டேன். அப்புறம் பயமாயிருச்சு." அவர் டெபுடியைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னார். "உருகினா இறங்கும்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா. நான் இஞ்சினியர் இல்லையே."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு முட்டாள்தனம், ஒரு விபத்து, ஆர்டிஸ் தப்பித்தார். வெற்றிகரமான துப்பறிவாளன் எப்படி மூச்சு விடுவானோ அப்படி ஒன்று விட்டேன்.

ஆர்டிஸ் ஓர் அடி முன்னால் வந்தார்.

"லைல், பத்து மைல் போனதும் நிறுத்தி நாலு மூலையும் பாருன்னு சொன்னேனே. புதுக் கட்டு எப்பவுமே ஒரு தடவ தளரும்னு சொன்னேனே. நீ ஏன் பாக்கல?"

நான் லைலுக்காக வாயைத் திறந்தேன். மைதே என் காலை மிதித்தாள்.

"பாத்தேன் ஆர்டிஸ்," என்றார் லைல்.

லைல் ஓர் அம்பை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தார்.

"சோதனைச் சாவடியில வரிசையில நிக்கறப்ப கண்ணாடியில பாத்தேன். வலது முன்கொக்கி ஆடிக்கிட்டிருந்துச்சு. கழண்டு போய்ச் சும்மா தொங்குது. இறங்கி ரெஞ்ச எடுத்தா சாவடியில வேல பாக்கற பொண்ணுங்க உதவிக்கு வந்துருவாங்க. எல்லாரும் என்கிட்ட படிச்ச பொண்ணுங்க. கீழ சொட்டிக்கிட்டிருந்துச்சு." அவர் கைகளைத் துணியில் துடைத்தார். கையில் எதுவும் இல்லை. "கையசைச்சு அனுப்பிட்டாங்க. மேட்டத் தாண்டினா ஒதுக்குப்புறம் இருக்கு, அங்க நிறுத்திக்கலாம்னு நெனச்சேன். நாலு மைல்தான்."

"மூணாவது மைல்ல கோரா," என்றார் ஆர்டிஸ்.

"பின்னாடி கார் வந்ததையும் பாத்தேன்."

டெபுடி ஹால்வர்சன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவரும் லைலிடம்தான் படித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. "எழுந்திருங்க சார்," என்றார். லைலைக் காருக்குக் கூட்டிப்போகும்போது அவர் தோளைத் தொடவில்லை. கதவை மட்டும் திறந்து பிடித்தார்.

*

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னது ஆர்டிஸ்தான். கோரா பெல்லைப் பார்க்க ஐந்து நாளாக அவருக்குத் தைரியம் வரவில்லையாம். நான் காரில் என் பேச்சை மறுபடி ஒத்திகை பார்த்தேன். ஒரு தடவையாவது யாரிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. பதினேழே கால் இஞ்ச் வீணாகப் போகலாமா.

கோரா ஒடிசலான பெண். இடுப்பு வரை கட்டு. ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பிப் படுத்திருந்தார். ஆர்டிஸைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஐந்து நாளாக ஊரே சொன்ன பெயர் அதுதானே.

ஆர்டிஸ் உட்காரவில்லை. நின்றபடியே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். லைல் நீளமாகக் கேட்டதை, தான் ஏன் என்று கேட்காமல் விட்டதை, கறியை, சாவடியை, கண்ணாடியில் ஆடிய கொக்கியை. டர்ன்பக்கிளைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதிகமாகச் சொல்லவில்லை. என் பேச்சில் அது ஒன்றரைப் பக்கம்.

கோரா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் புருஷனுக்கு இந்த வருஷமும் எல்க் அனுமதி விழல," என்றார். "குலுக்கல்ல நாலு வருஷமா விழல. ரெண்டு எல்க்னா எங்க வீட்டுக்கு ரெண்டு குளிர்காலம் வரும். அந்தக் கறிய என்ன பண்ணார்?"

"பள்ளத்துல கொட்டிட்டான்," என்றார் ஆர்டிஸ்.

"யாரும் சாப்பிடலையா?"

"இல்ல."

கோரா கண்ணை மூடிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"

முப்பது வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். ஒன்றரைப் பக்கமும் நாக்கு நுனியில் இருந்தது.

"நான் கார் ஓட்டினேன்," என்றேன்.

மைதே கோராவின் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்தாள். ஆர்டிஸின் தொலைபேசி பையில் ஒலித்தது. கூப்பிட்டவர் ஒரு வாடிக்கையாளர். கடைக் கதவருகே காத்திருக்கிறாராம், எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். ஐந்து நாளில் வந்த முதல் ஆள்.

"நாளைக்கு வாங்க," என்றார் ஆர்டிஸ். தொலைபேசியை அணைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.